கோசுக்குப் பனி விழுந்துவிட்டதென்று சொல்லுங்கள், அக்கா

யோசு,
நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி ஜேக்வொன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி சன்ஹியும் நலம். குரேயில் நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், அத்தானின் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கேட்ட கடுகுக்கீரை நான்கு கட்டு வாங்கிவிட்டேன், பின்கட்டில் நிழலில் இருக்கிறது.

போன் இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் எண்ணெய்ச் செக்குச் சத்தத்தில் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், நான் சொல்வதைக் கடையில் எள்ளோடு நிற்கும் அத்தனை பேரும் கேட்பார்கள், அவர்களில் இருவராவது சன்ஹிக்குச் சொந்தம். ஆகவே விரைவுத் தபால். படித்ததும் அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.

விஷயம் நெரிஸ் டீச்சரைப் பற்றி. சன்ஹியின் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேல்ஸ் நாட்டுப் பெண், வயது இருபத்தாறு. அறுவடைப் பண்டிகைக்கு உங்கள் வீட்டில் பதினான்கு கொழுக்கட்டை சாப்பிட்டாளே, அவள்தான். அவளுடைய ஒரு வருஷ ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. இன்னொரு வருஷம் இருப்பாளா மாட்டாளா என்று வருகிற திங்கட்கிழமை சொல்லவேண்டும். மாட்டேன் என்றால் அதற்குக் காரணம் நான்.

செப்டம்பர் 7, சனிக்கிழமை, பகல் 12.20. சந்தைப் பக்கத்து நூடுல்ஸ் கடையில் ஜன்னலோரம் நெரிஸ் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆள் இல்லை. காடிப் புட்டியில் ஒரு புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தபடி சாப்பிட்டாள். சாயங்காலம் பேச்சுவாக்கில் சன்ஹியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தனியாகவா என்றாள். தனியாகத்தான் என்றேன். சனிக்கிழமையிலா என்றாள். பெற்ற தாய் இந்தப் பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பியது தனியாக உட்கார்ந்து சாப்பிடவா என்று கேட்டாள். முப்பத்துநான்கு வருஷம் செய்தியாளனாக இருந்தவன், அக்கா, ஒரு தகவலை விட்டுவிட்டேன். நெரிஸ் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்தது. காலை 5.30க்கு மலை. 439 மீட்டர் உயர மலைக்கு ஊதா நிற மேலுடுப்பு, இரண்டு ஊன்றுகோல், கையுறை, நெற்றி மறைப்பு என்று இமயமலைக்குப் போகிற மாதிரி சன்ஹி நெரிஸை அலங்கரித்துவிட்டாள். எங்கள் ஊரில் ரப்பர் பூட்ஸோடு ஏறுவோம் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், யார் கேட்டது. உச்சியில் சன்ஹியின் மலையேற்றக் குழுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு வெள்ளரிக்காய், அவித்த முட்டை, ஆரஞ்சு, ஒரு கிண்ணம் அரிசிக் கள். எதையும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. ஒரே காலையில் ஏழு வெள்ளரிக்காய் தின்றதை நான் எண்ணியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா விடுவாளா, பொதுக் குளியல் கூடத்துக்குக் கூட்டிப்போய் அழுக்குத் தேய்க்கிற அம்மாளிடம் ஒப்படைத்தாள். வெந்த நண்டு மாதிரி வெளியே வந்து, ரொம்ப நன்றி என்று குனிந்தாள் நெரிஸ். பார்த்தீங்களா, முகத்துல களை வந்துடுச்சு என்றாள் சன்ஹி. அக்டோபரில் ஆக்டோபஸ் பிடிக்கப் படகு. துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரை வாந்தி. கடைசியில் ஒரே ஒரு ஆக்டோபஸ் மாட்டியது, சன்ஹி அதைக் கையில் தூக்கிப் படம் எடுத்து வேல்ஸுக்கு அனுப்பினாள். ஆக்டோபஸ் நன்றாக இருக்கிறது, பின்னால் படகில் தொங்குவது என் மகளா என்று அவள் அம்மா கேட்டிருந்தார்.

இப்படி ஒன்பது வாரம். நவம்பர் 9ஆம் தேதி சன்ஹி வழக்கம்போல ஆடு மாதிரி மேலே போய்விட்டாள். பாதி வழியிலுள்ள பாறையில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், நெரிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சனிக்கிழமை தூங்கறது கொரியாவுல தப்பா?"

நான் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலில் ஒட்டியிருந்த வலிப் பட்டையைக் காட்டினேன்.

"எனக்கும் ஆறு வருஷமா அதே சந்தேகம்தாம்மா."

போன சனிக்கிழமை சன்ஹிக்குப் பெற்றோர் கூட்டம். எங்கள் இருவரையும் மட்டும் மலைக்கு அனுப்பினாள். 6.10க்கு அடிவாரத்தில் காரை நிறுத்தினேன். இரண்டு பேரும் கதவைத் திறக்கவில்லை. சீட்டைச் சாய்த்தோம். அப்படி ஒரு தூக்கம் நான் ஓய்வு பெற்ற பிறகு தூங்கியதில்லை. 9.40க்குக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மலையேற்றக் குழுச் செயலாளர் தாக் அம்மாள், கையில் வெள்ளரிக்காய். நாங்கள் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது.

முன்யோசனையாக என் ஷூவில் சேறு வேறு பூசிவைத்திருந்தேன். சன்ஹி அந்தச் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாமேங்க. நான் என்ன ராட்சசியா?"

சாப்பாடு போடும்போது இன்னொன்றும் சொன்னாள், அது என்னைப் பார்த்துச் சொன்னதுமில்லை. "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடாது. நான்தான் விரட்டிட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. நெரிஸும் சென்டரில் பாடம் முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாளாம். பிள்ளைகள் எதிர்ச் சென்டருக்குப் போய்விடுவார்களே என்ற கவலையெல்லாம் சன்ஹிக்கு இல்லை. காரில் நெரிஸ் மறந்துவிட்டுப் போன ஊதா மேலுடுப்பை நேற்றுத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டாள். மலைக்குப் போடுகிற உடுப்புக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா, அக்கா? மடித்து ஒப்பந்தக் காகிதத்துக்கு மேலேயே வைத்திருக்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடுகிறோம், நூற்றிருபது கோசு. நெரிஸையும் அழைத்துவர வேண்டுமென்று நீங்கள் போன மாதமே சன்ஹியிடம் சொல்லிவிட்டீர்கள். இந்த நிலைமையில் அவளை இன்னொரு சனிக்கிழமை விடியற்காலை எழுப்பி, நாள் முழுக்கக் குந்தவைத்து மிளகாய் விழுது பூசவிட்டால் திங்கட்கிழமை என்ன சொல்வாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: வெள்ளிக்கிழமை சன்ஹியைக் கூப்பிட்டு, கோசுக்குப் பனி விழுந்துவிட்டது, உறைந்தது இளகட்டும், ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெண் ஒரே ஒரு சனிக்கிழமை தூங்கட்டும். தூங்கி எழுந்தவள் நல்லது சொல்லுவாள் என்பது என் கணிப்பு. சன்ஹியிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகவும் பேசுங்கள், நான் சொன்னால் அவள் என் ஷூவைத்தான் பார்க்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். குளிர் ஏறுகிறது, படுக்கிற தரையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
மா ஜேக்வொன்

பி.கு.: மாலை 6.15. உறையை ஒட்டப் போனபோது கதவு தட்டப்பட்டது. நெரிஸ். சன்ஹிதான் திறந்தாள். சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறோம் என்று கேட்டாள் நெரிஸ். நீங்க தூங்குங்க டீச்சர், கோசு எங்கேயும் ஓடிடாது என்றாள் சன்ஹி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வண்டியில தூங்கிக்கறேன், ஐயா சீட்டை நல்லா சாய்ப்பாரு" என்றவள் பையிலிருந்து இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை இரண்டு ஜோடி எடுத்தாள். ஒன்று எனக்கா என்று சன்ஹி கேட்டாள். "இல்லம்மா. அது அடுத்த வருஷத்துக்கு."

சன்ஹி சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். பிறகு வந்து, இனிமேல் ஒரு வாரம் மலை, ஒரு வாரம் தூக்கம் என்று தீர்ப்புச் சொன்னாள். ஆகவே கோசுக்குப் பனி விழவேண்டாம், அக்கா, இன்னும் பத்துச் சேர்த்தே ஊறவையுங்கள். தூக்கம் டீச்சருக்கு மட்டும்தானாம். எனக்கு வாராவாரம் மலைதான்.