கிணற்றில் இறங்காத வீரசிங்கம்

மறுப்புக் கடிதத்தின் இரண்டாவது வரியை வீரசிங்கம் எழுதிக்கொண்டிருந்தபோது வானொலி நிலையத்து ஊழியர்கள் மாலையுடன் உள்ளே வந்தார்கள்.

பேனாவை மூடி வைப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இராசமாணிக்கம் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு பெரிய காரியத்தைச் செஞ்சிட்டு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நான் ஒண்ணும் செய்யலைங்க."

"அந்த அடக்கத்துக்குத்தான் மாலை" என்றார் இராசமாணிக்கம்.

அறுபத்து மூன்றாம் வருடம் அது. ஞாயிறு மாலை வானொலி நாடகத்தில் இன்ஸ்பெக்டராக வருகிற வீரசிங்கத்தின் குரலைத் தெரியாத தமிழ் வீடு இலங்கையில் இல்லை. இன்ஸ்பெக்டர் வாரம் தவறாமல் யாரையாவது காப்பாற்றுவார். ஆற்றில் குதிப்பார், எரிகிற வீட்டுக்குள் புகுவார். ஆற்றில் குதிக்கிற சத்தத்துக்கு ஒரு வாளித் தண்ணீரும் உதவியாளர் ஒருவரின் உள்ளங்கையும் போதும். வீரசிங்கத்துக்கு நீந்தத் தெரியாது. இரண்டாம் மாடி ஜன்னலோரம் நின்றாலே அவருக்குத் தலை சுற்றும்.

வினை ஒரு நேயர் கடிதத்தில் வந்தது. மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வல சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் லாபிர் என்பவர் எழுதியிருந்தார். போன ஏழாம் தேதி காலை, சந்திக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கும் பொதுக் கிணற்றில் தாம் கால் வழுக்கி விழுந்ததாகவும், தெருவோடு போன வானொலி வீரசிங்கம் கயிறு போட்டுத் தம்மைத் தூக்கிக் காப்பாற்றியதாகவும், நன்றி சொல்வதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டதாகவும் அதில் இருந்தது. வீரசிங்கம் நிலையத்தில் இல்லாத நேரம் பார்த்து இன்னொரு அறிவிப்பாளர் அதை உருக்கமாக வாசித்துவிட்டார்.

"ஏழாம் தேதி நீங்க மாத்தளையிலதானே இருந்தீங்க?" என்று இராசமாணிக்கம் கேட்டார்.

"இருந்தேன். அக்கா வீட்டுல. பல்லு புடுங்கிக் கன்னம் வீங்கிப் படுத்துக் கிடந்தேன்."

இராசமாணிக்கம் அவருடைய கன்னத்தைக் கூர்ந்து பார்த்தார். "பல்லுவலியோடயா தூக்கினீங்க?"

பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தியும் நிலையம் முழுவதும் பரவிவிட்டது.

வீரசிங்கம் கலங்கவில்லை. உண்மை தன் பக்கம் இருக்கிறது, ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் விஷயம் முடிந்தது என்று உறுதியாக நம்பினார். பத்திரிகைக்கு எழுதினார்: "நான் எந்தக் கிணற்றிலும் இறங்கவில்லை. எவரையும் தூக்கவில்லை." பத்திரிகை அதை அப்படியே பிரசுரித்தது. மேலே அவருடைய படத்தைப் போட்டு, "புகழை வெறுக்கும் வீரர்" என்று தலைப்பும் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு, நாடகம் முடிந்த கையோடு ஒலிவாங்கியை விடாமல், தாம் யாரையும் காப்பாற்றவில்லை என்று தம் சொந்தக் குரலில் சொன்னார். அவருடைய சொந்தக் குரலும் இன்ஸ்பெக்டரின் குரலும் ஒன்றே என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. நேயர்கள் அதை அடுத்த வாரக் கதையின் துப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் காப்பாற்றியது யார் என்று கண்டுபிடித்து முன்னூற்றுச் சொச்சம் பேர் எழுதினார்கள். திருகோணமலை நீச்சல் கழகம் ஒன்று அவரைப் போஷகராக இருக்கும்படி வேண்டிக்கொண்டது.

வீட்டில் அவருடைய மனைவி சரோஜாதேவி முதல் வாரம் அவரை நம்பினாள். இரண்டாவது வாரம் அயல் வீட்டுப் பெண்கள் அவரைப் பார்க்க வந்து, அவளுக்கும் சேர்த்துப் பழத்தட்டு வைத்துவிட்டுப் போன பிறகு அவளுடைய பேச்சில் மாற்றம் தெரிந்தது.

"ஏன் ஒரேயடியா இல்லைங்கிறீங்க? பல்லுவலிக்கு மருந்து குடிச்ச மயக்கத்துல செஞ்சிருப்பீங்க."

"மயக்கத்துல கெணத்துல விழலாம் சரோஜா. ஆளைத் தூக்க முடியாது."

"உங்களால முடியும்" என்றாள் அவள். பத்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீரசிங்கம் மேற்கொண்டு வாதாடவில்லை.

அந்த வாரமே கிராமச் சங்கத் தலைவர் ஸக்கரியா ஹாஜியாரின் அழைப்பிதழ் வந்தது. இத்தகைய பெருமை வாய்ந்த கிணறு இனியும் சுவரில்லாமல் கிடப்பது ஊருக்கு இழுக்கு என்பதால், எட்டே நாளில் சுற்றுச்சுவர் கட்டி முடித்திருப்பதாகவும், அதை வீரசிங்கமே வந்து திறந்துவைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

வீரசிங்கத்துக்கு இதில் வழி தெரிந்தது. லாபிர் என்ற அந்த மனிதர் தன்னை நேரில் பார்த்தால் ஆள் மாறிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டுவிடுவார். ஊருக்கு முன்னால் ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். "வருகிறேன்" என்று தந்தி அடித்தார்.

பலாபத்வல சந்தியில் வாழைமரமும் தோரணமும் கட்டியிருந்தார்கள். வெள்ளையடித்த சுவர் இடுப்பளவு உயரத்தில் கிணற்றைச் சுற்றி நின்றது. ஹாஜியாரின் பெயரைப் பெரிதாகவும் வீரசிங்கத்தின் பெயரைச் சற்றுச் சிறிதாகவும் பொறித்த கல் ஒன்றை அதில் பதித்திருந்தார்கள். லாபிர், நல்ல உயரமும் அதற்கேற்ற உடம்புமாக, புதுச் சாரமும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

வீரசிங்கம் அவரைக் கடைக்குள் தனியாக அழைத்துப் போனார். "நல்லாப் பாருங்க. உங்களைத் தூக்கினது நானா?"

லாபிர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்; இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்துகொண்டிருந்தாள். "சேர், கூட்டம் முடியட்டும். ஹாஜியார் தண்ணி இறைக்கக் கப்பி ஒண்டும் போட்டுத் தாறதா இப்பதான் வாக்குக் குடுத்தாரு. இந்த நேரத்துல இதெல்லாம் பேச வேணாமே."

கப்பிக்கும் தன் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று வீரசிங்கத்துக்கு விளங்கவில்லை. நன்றிப் பெருக்கில் மனிதருக்குப் பேச்சுத் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினார்.

மேடையில் அவர் தயங்கவே இல்லை. தாம் அன்றைக்கு இந்தப் பக்கமே வரவில்லை என்றும், லாபிரைக் காப்பாற்றியவர் இந்த ஊரிலேயே இருக்கிற யாரோ ஒருவர் என்றும், இந்தக் கல்லில் பொறிக்க வேண்டியது அவருடைய பெயரைத்தான் என்றும், நாடு முழுவதும் கேட்டுப் பழகிய அந்தக் குரலில் நிதானமாகச் சொன்னார். கூட்டம் முழு அமைதியாகக் கேட்டது. பிறகு கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆனது.

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தான் செய்த நன்மையை ஊராருக்கே தூக்கிக் கொடுத்த இப்படிப்பட்ட மனிதரைத் தாம் கண்டதில்லை என்றார். அந்த உருக்கத்தில், சந்தியிலிருந்து கிணறு வரை கொங்கிறீட் பாதை ஒன்றும் போட்டுத் தருவதாக அறிவித்தார்.

அடுத்தது புகைப்படம். வீரசிங்கம் சுவரோரம் நின்று, குனிந்து, கயிற்றை உள்ளே விடுகிற மாதிரி எடுக்க வேண்டும் என்றார் மாத்தளையிலிருந்து வந்திருந்த படக்காரர். வீரசிங்கம் மறுத்துப் பார்த்தார். ஹாஜியார் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் குனியணும் சேர். தண்ணியப் பாருங்க."

வீரசிங்கம் தண்ணீரைப் பார்த்தார். முப்பதடி ஆழத்தில் அவருடைய தலை சின்னதாகத் தெரிந்து ஒரு சுற்றுச் சுற்றியது. கை சுவரில் வழுக்கியது. உடம்பின் மேல்பாதி சுவரைத் தாண்டிவிட்டது என்று உணர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு கை அவருடைய சட்டைக் கழுத்தையும் இன்னொரு கை இடுப்புப் பட்டியையும் பிடித்தன. ஒரே இழுப்பில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

புகைப்படக்காரர் அந்த நேரம் கறுப்புத் துணிக்குள் இருந்தார். ஹாஜியார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெயில், பயணக் களைப்பு என்று சொல்லி, ஐயாவுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரும்படி ஹாஜியார் ஆளனுப்பினார்.

வீரசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். தன்னைப் பிடித்தவள் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். காலையில் கடைக்குள் இரண்டு குடத்தை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனவள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறாள், பெயர் அழகாயி, தினமும் இந்தக் கிணற்றில் இறைத்துத்தான் லாபிரின் கடைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"பாத்து நில்லுங்க சேர்" என்றாள் அவள். "பரவாயில்ல, நீங்க கனமில்ல. லாபிர் முதலாளியத் தூக்கினப்பதான் ரெண்டு நாளைக்குக் கையே தூக்க முடியல."

வீரசிங்கத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. லாபிர் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என் பேரை ஏன் எழுதினீங்க?"

அழகாயிதான் சொன்னாள்.

"சுவர் கேட்டு மூணு பெட்டிசன் போட்டோம் சேர். அழகாயி தூக்கினான்னு எழுதியிருந்தா அது நாலாவது பெட்டிசன்."

மேடையில் ஹாஜியார் அவரைத் தேடினார். ஒலிபெருக்கி அவருடைய பெயரைக் கூப்பிட்டது. வீரசிங்கம் எழுந்து சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார். அந்தப் பேச்சை மறுபடியும் பேசுவதா வேண்டாமா என்று யோசித்தார். இந்த மூன்று வாரத்தில் அவர் எதைச் சொல்வதென்று தெரியாமல் நின்றது அப்போதுதான்.

அழகாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க லயத்துக்குப் போற வழியில குறுக்க ஓடுற ஓயாவுக்குப் பாலம் இல்லைங்க சேர், அடுத்த மாசம் வசதிப்பட்ட ஒரு தேதி சொன்னீங்கன்னா, அங்க என்னையும் ஒருக்காக் காப்பாத்திட்டதா எழுதிப் போட்டுருவோம்."