எட்டிப் பார்த்தால் அணையும் ஒளி

"இப்போ பாருங்க, எரியுது" என்றாள் மனைவி.

ஆய்வாளரான கணவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடித் துவாரத்துக்குள் கும்மிருட்டு.

"எங்கே எரியுது?"

"இவ்வளவு நேரம் எரிஞ்சுதே. உங்களைப் பார்த்ததும் அணைஞ்சிடுச்சு."

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே இயந்திரம். காற்றை உறிஞ்சியெடுத்த உலோகக் கலத்துக்குள் நைட்ரஜன் மெல்லிய தாரையாக இறங்கும். பக்கவாட்டிலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து அதில் மோதும். அடிபட்ட மூலக்கூறுகள் கிளர்ந்தெழுந்து, நீல ஒளியைக் கக்கிவிட்டு அடங்கும். மதியம் நிபுணர் குழு வருகிறது. அந்த ஒளியை அவர்கள் கண்ணால் பார்த்தால் இயந்திரம் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் லாரி ஏறி வேறு ஊருக்குப் போய்விடும்.

அவர் பின்வாங்கினார். எரிந்தது. நெருங்கினார். அணைந்தது.

"மூலக்கூறுக்குக்கூட உங்களைக் கண்டா உற்சாகம் வரமாட்டேங்குது."

"கிண்டல் வேண்டாம். எங்கிட்ட ஏதோ இரும்பு இருக்கு. அது கற்றையை வளைக்குது. மோதாம தப்பிப் போயிடுது."

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். ஷூவை வாசலில் விட்டார். அப்படியும் இருட்டு. கடைசியில் பெல்ட்டை உருவினார். இருட்டு அசையவில்லை, பேன்ட் இறங்கத் தொடங்கியது.

"முதல்ல கோட்டுப் பட்டனைப் போடுங்க. மானம் போகுது."

காலையில் வரவேற்பாளர், பெயர் அட்டை பொருத்திய புது வெள்ளைக் கோட்டுகளை எல்லாருக்கும் கொடுத்திருந்தாள். மனைவி மட்டும், "இதுக்குள்ள என்னோட இன்னொருத்தியும் குடியிருக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வாளர் கழுத்துவரை பட்டன் போட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குமிழைத் திருகிக் கற்றையின் திசையை மாற்றினார். உள்ளே பளிச்சென்று நீலம்.

"முடிஞ்சுது. நீ பாரு."

அவர் விலக, அவள் குனிந்தாள்.

"இப்போ எனக்கு அணைஞ்சிடுச்சுங்க."

தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். அவள் அவசரமாகக் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினாள்.

"அந்த மூலையில போய் நில்லுங்க. வாயைத் திறக்காதீங்க. முக்கியமா, பேன்ட்டை விடாதீங்க."

குழுவும் அதே அட்டை பொருத்திய புதுக் கோட்டுகளில் வெள்ளை வெளேரென்று நுழைந்தது. தலைவி, "அட, அழகா இருக்கே" என்று கலத்தருகே குனிந்தார். அணைந்தது. நிமிர்ந்தார். எரிந்தது. அடுத்தவர் குனிந்தார். அதே கதை. மூலையில் நின்றவருக்கு, தான் மட்டுமில்லை என்று ஓர் அற்ப சந்தோஷம்.

"என்னம்மா, ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்குது?" தலைவி பேனாவைத் திறந்தார். "லாரிக்குச் சொல்லிடலாமா?"



அந்த நேரம் பார்த்து வரவேற்பாளர் தட்டுடன் வந்தாள். "மேடம், அடுத்த கட்டடத்துக்கு வேற அட்டை. இதெல்லாம் எடுத்துக்கிறேன்."

கோட்டுகளிலிருந்து ஒவ்வோர் அட்டையாகக் கழற்றித் தட்டில் போட்டு, அதைத் தூரத்து மேசையில் வைத்தாள். தலைவி போகிற போக்கில் கடைசியாக ஒருமுறை குனிந்தார். அவர் மூக்கு வரை நீலம் படர்ந்தது. அணையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"லாரி வேண்டாம். இது இங்கேயே இருக்கட்டும்."

ஆய்வாளர் பேன்ட்டைப் பிடித்தபடி தட்டருகே போனார். அட்டைகளெல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே உருண்டையாகக் கிடந்தன.

"இதுல என்னம்மா வச்சீங்க?"

"காந்தம் சார்" என்றாள் வரவேற்பாளர். "ஊசி குத்திக் கோட்டு ஓட்டையாகுது, மாத்தியே ஆகணும்னு போன மாசம் சண்டை போட்டது நீங்கதானே?"