பத்து நிமிட நடை

"ஒன்பது நிமிஷம் இருபது செகண்டு," என்றாள் மனைவி. சுவரிலிருந்து கழற்றிய கடிகாரம் அவள் மடியில் இருந்தது.

கண்ணாடிக்காரர் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதுவுமாக, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நான்காவது தடவையாக நடந்து வந்திருக்கிறார். ஆமை வேகத்தில் வந்தாலும் கணக்கு பத்தைத் தொட மாட்டேன் என்கிறது.

"கடிகாரத்தைச் சரியாப் பாத்தியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு மணி பாக்கத் தெரியாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

கண்ணாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் மூக்கின் மேல் கண்ணாடி கிடையாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதென்று மாதம் இரண்டு பேராவது கதவைத் தட்டுவார்கள். அவர்களுக்கும் முகம் சுளிக்காமல் கடைக்கு வழி சொல்லி அனுப்புவார்.

குடியிருப்பின் வாசலில், கேட்டை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவருடைய சின்ன வேன் நிற்கும். வேனுக்குப் பக்கத்தில் கண்ணாடி வெட்டும் மேசை. பதினைந்து வருடமாக அவர் பிழைப்பு அந்தக் கூரைக்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் வீட்டு வசதித் துறையிலிருந்து கடிதம் வந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் வசிப்பவர்களுக்குச் சொந்த வண்டி தேவையில்லை என்று அரசு கருதுகிறதாம். ஆகவே அவர்களுடைய கொட்டகைகள் அகற்றப்படும். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் கொட்டகை அப்படியே இருக்கலாம். அலுவலர் ஒருவர் விரைவில் நேரில் வந்து, சாதாரண மனிதர் நடப்பதுபோல் நடந்து பார்ப்பார்.

அரசு கருதுவதில் கண்ணாடிக்காரருக்கு ஆட்சேபம் இல்லை. ஆறடிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அரசு ஒரு நாளாவது பஸ் ஏறியிருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி.

"நாப்பது செகண்டு," என்றார் அவர். "ஒரு நாப்பது செகண்டு இல்லாம என் பொழப்பு போகப்போகுது."

கீழ் வீட்டிலிருந்து தபால் சார் எட்டிப் பார்த்தார். தபால் ஆபீசில் முப்பது வருடம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். பழக்க தோஷமோ என்னவோ, அடுத்தவர்களுக்கு வந்த கடிதம் என்றால் இன்றும் அவருக்குக் கை பரபரக்கும்.

"இதுக்கா மண்டையை உடைச்சுக்கிறீங்க?" என்றார். "நடுவுல அந்தச் சந்து இருக்குல்ல, அதை மூடிடுங்க. மெயின் ரோட்டைச் சுத்தி வந்தா கண்டிப்பா பன்னெண்டு நிமிஷம்."

"சந்தை எப்படி சார் மூடுறது? அதுலதானே என் வேன் போகுது?"

"சும்மா ஒரு போர்டு வைங்க. நீங்க போறப்ப நகர்த்திக்குங்க."

யோசனை கண்ணாடிக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. அன்று மாலையே ஒரு பலகையில் சிவப்பு மையில் 'வேலை நடைபெறுகிறது, மாற்று வழியில் செல்லவும்' என்று எழுதிச் சந்தின் வாயில் நிறுத்திவிட்டு வந்தார். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் சந்தில் பிரேக் போட்டார். நகராட்சி ஆட்கள் எட்டுப் பேர் நின்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு பள்ளம் ஏற்கெனவே ஆகியிருந்தது.

"எதுக்குங்க தோண்டுறீங்க?"

மேஸ்திரி பலகையைக் கை காட்டினார். "வேலை நடக்குதுன்னு போர்டு போட்டிருக்கே."

"அது சரி, என்ன வேலை?"

"அதான் எங்களுக்கும் தெரியல. ஆபீசுக்குப் போன் போட்டோம். போர்டு இருந்தா உத்தரவு இல்லாமலா இருக்கும், ஆரம்பிச்சுடுங்க, பேப்பர் பின்னாடி வரும்னாங்க."

பலகை வைத்தது நான்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேனைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் விட்டார். மெயின் ரோட்டுக்குப் போகும் சுற்று வழி ஆள் நடக்கிற அகலம்தான்; வேன் வெளியே போக வேறு வழி கிடையாது. வேனைக் காப்பாற்றப் போய் வேனையே சிறை வைத்தாயிற்று.

அன்றைக்கென்று பார்த்து ஒரு சலூனுக்கு நிலைக்கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. சலூன்காரர் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். கடைசியில் மனைவி தன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியின் மறு முனையைப் பிடித்தாள். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி மடிக்கிற வேலை பார்ப்பவள். தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவாள்.

பள்ளத்தைச் சுற்றி, மெயின் ரோட்டைப் பிடித்து, இரண்டு இடத்தில் இறக்கி வைத்துக் கை மாற்றி, ஸ்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் கண்ணாடிக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இவ்வளவு தூரத்தைத் தினமும் ரெண்டு தரமா நடக்கிற?" என்று கேட்டார்.

"இல்ல. ஒரு தரம் நடக்கிறேன், இன்னொரு தரம் பறக்கிறேன்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தார். "மூணு ஆள் இடத்தைப் பிடிக்குது. மூணு டிக்கெட் எடுங்க."

"இது சாமான் சார், ஆள் இல்ல."

"உள்ள ஒருத்தர் நிக்கிறாரே."

"அது நீங்கதான் சார்."

கண்டக்டர் தன்னையே ஒரு கணம் உற்றுப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு டிக்கெட்டோடு விட்டுவிட்டார். சலூன் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தலை சீவி முடித்திருந்தார்கள்.

இருந்தாலும் சுற்றி நடந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது என்பது அவருக்குத் தெம்பாக இருந்தது. அலுவலர் வரும்வரை பள்ளம் அப்படியே கிடந்தால் போதும், இரண்டு நாள் வேலை போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அந்தத் தெம்பு புதன்கிழமை மாலையோடு போயிற்று. தோண்டியவர்களுக்கு உள்ளே வைக்க ஒன்றும் இல்லாததால் பள்ளத்தை மூடிவிட்டார்கள். மூடியதோடு நிற்காமல், தோண்டியதற்கு ஏதாவது அடையாளம் வேண்டாமா என்று சந்து முழுக்கக் கல் பாவி, வழவழவென்று ஒரு நடைபாதையே போட்டுவிட்டார்கள். மேடும் இல்லை, சேறும் இல்லை. குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தன.

மனைவி மறுபடி கடிகாரத்தைக் கழற்றினாள். கண்ணாடிக்காரர் நடந்து வந்தார்.

"எட்டு நிமிஷம்," என்றாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரி, நல்லா சிரி. நாளைக்குக் கொட்டகை போனா வெட்டுற மேசையை உன் கட்டில் மேலதான் போடணும்."

"போடுங்க. கண்ணாடித் தூளுக்கு நடுவுல நீங்களே படுத்துக்குங்க."

அப்போது தபால் சார் மூச்சிரைக்க வந்தார். "பக்கத்து பிளாக்ல ஒரு ஆபீசர் கழுத்துல ஸ்டாப் வாட்ச் மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டு இருக்காரு. நாளைக்குக் காலையில நம்ம பிளாக்காம்."

கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் மூளை ஓட ஆரம்பித்தது. வழியை நீட்ட முடியாது, ஆளையாவது நிறுத்தலாம் என்று முடிவு செய்தார். சாதாரண மனிதர் என்றால் வழியில் நாலு பேரிடம் நின்று பேசாமலா வருவார்?

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றார். அலுவலர் ஒல்லியானவர், நீளமான கால்கள். அந்தக் கால்களைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

"சார், அளக்கத்தானே வந்திருக்கீங்க? நான் அந்த பிளாக்தான். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்காகவா?" அலுவலர் நெகிழ்ந்துபோனார். "எங்களை யாரும் இப்படி ஆசையா எதிர்பாத்ததே இல்லீங்க. வாங்க, பேசிக்கிட்டே போவோம்." ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார்.

கண்ணாடிக்காரர் முதலில் செருப்பு வார் அறுந்ததாக ஒரு நிமிடம் ஓட்டினார். பிறகு காலில் முள் குத்தியது. புது நடைபாதையில் முள் ஏது என்று அலுவலர் கேட்கவில்லை. அவரும் குனிந்து தேடினார். சந்தின் பாதியில், ஏற்பாட்டின்படி தபால் சார் எதிரே வந்தார். இரண்டு நிமிடம் பிடித்து வைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். தபால் சாரோ, தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போன கதையை அடியிலிருந்து ஆரம்பித்தார். அலுவலருக்கும் அதே அநியாயம் நடந்திருந்தது. இருவரும் மீந்துபோன கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டாப் வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நேரம் போகுதே சார், நிறுத்திக்கலையா?" என்று கண்ணாடிக்காரர் பெரிய மனது பண்ணிக் கேட்டார்.

"நிறுத்தக் கூடாதுங்க. சாதாரண மனுஷன் நடக்கிறபடி நடக்கணும்னு உத்தரவு. மனுஷன்னா உக்காந்து நாலு வார்த்தை பேசத்தானே செய்வான்."

கண்ணாடிக்காரருக்கு அந்த உத்தரவை எழுதியவர் கையில் முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

மறுபடி கிளம்பியபோது அலுவலர் நோட்டை எடுத்தார். "உங்க பிளாக்ல பஸ்ல வேலைக்குப் போறவங்க நிறைய பேரோ?"

கண்ணாடிக்காரர் உஷாரானார். "போறவங்க இருக்காங்க சார். ஆனா ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடும். மழைன்னா முழங்கால் தண்ணி. வெயில்னா ஒதுங்க ஒரு மரம் கிடையாது."

அலுவலர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்தது மனைவி. கனமான பையோடு எதிரே வந்து, பையைக் கீழே போட்டு, முடியவில்லை என்று உட்கார வேண்டும். அப்படித்தான் பேச்சு. அவளுக்கு நடிக்க வரவில்லை. பையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"தினமும் இந்த வழியாத்தான் போவீங்களாம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

"பதினோரு வருஷமா. போறப்ப தெரியாதுங்க. எட்டு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பி வர்றப்பதான் பாதம் எரியும். சில நாள் பாதி வழியில நின்னு, வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கி வச்சு உக்காரலாம்னு எனக்கு நானே சொல்லிப்பேன். அப்புறம் நடப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கண்ணாடிக்காரர் கீழே இருந்த பையைப் பார்த்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இந்த வழியை அவர் அஞ்சாறு தடவை அளந்தார். அவள் பதினோரு வருடமாக அளந்திருக்கிறாள். வீட்டில் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"அவ சொல்றது நிஜம் சார்," என்றார். அன்று காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அது. "அதையும் எழுதிக்குங்க."

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவர்களோடு திரும்பி நடந்தாள். கண்ணாடிக்காரர் பையை வாங்கிக்கொண்டார். பை உண்மையிலேயே கனமாகத்தான் இருந்தது.

கேட் வந்ததும் அலுவலர் ஸ்டாப் வாட்ச்சை நிறுத்தினார். "இருபத்தாறு நிமிஷம். நான் இதுவரைக்கும் அளந்ததுலயே இதுதான் அதிகம்."

கூடவே வந்திருந்த தபால் சார் கை தட்டினார். மனைவி உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அலுவலர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகையின் முன்னால் இப்படியும் அப்படியும் காலடி வைத்து அளந்தார். பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டார்.

கண்ணாடிக்காரர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல். "திரும்பிப் போறப்ப நடக்காதீங்க சார், வேன்லயே கொண்டுபோய் விட்டுடறேன். வீட்டு வசதித் துறையில உங்களை மாதிரி ஒரு மனுஷர் இருப்பாருன்னு நான் நினைக்கவே இல்ல."

"வீட்டு வசதியா? அவங்க எங்க வேலை முடிஞ்சதும் அடுத்த வாரம் வந்து நடப்பாங்க, நான் போக்குவரத்துத் துறைங்க, பத்து நிமிஷத்துக்கு மேல நடக்கிற ஜனங்களுக்கு வாசல்லயே பஸ் ஸ்டாப் போட்டுத் தரச் சொல்லி உத்தரவு," என்று அலுவலர் மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நாளையிலேர்ந்து நீங்க ஒரு அடி நடக்க வேண்டாம்மா."