கரடி விட்ட பாட்டு

ஒரு காட்டில் ஆவுடையப்பன் என்று ஒரு கரடி இருந்தது. தேன் வைக்கக்கூட இடம் விடாமல் குகை முழுக்கப் பாட்டு கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதற்கிருந்த மவுசு சிங்கத்துக்குக்கூடக் கிடையாது.

காதுகுத்தோ கல்யாணமோ, எல்லாம் கரடி வாசலில்தான் வந்து நிற்கும்.

"அண்ணே, அந்தக் கேசட்டை ஒரே ஒரு நாள் இரவல் குடுங்கண்ணே" என்று குள்ளநரி சங்கிலி கெஞ்சும்.

எதிரே இருக்கும் கேசட்டைப் பார்த்துக்கொண்டே, "இல்லப்பா" என்று சொல்லும் கரடி. அப்படிச் சொல்லும்போது அதற்கு உச்சந்தலை வரை குளுகுளுவென்று இருக்கும். பாட்டு கேட்பதில்கூட அவ்வளவு சுகம் கிடையாது.

பிறகு சி.டி. வந்தது. ஒரே தட்டில் நூறு பாட்டை அடைத்து, சந்தையில் கூறு கட்டி விற்றார்கள். அதுவும் போய் பென் டிரைவ் வந்தது. கடைசியில் செல்போன் வந்தது பாருங்கள், அதோடு போச்சு! பொந்தில் படுத்தபடியே முயல் உலகத்துப் பாட்டையெல்லாம் ஓசியில் கேட்டது. நடுவில் வந்த பல்பொடி விளம்பரத்துக்கும் சேர்த்துத் தலையாட்டியது.

கரடி வாசலில் ஈ காக்கா இல்லை. நிஜமாகவே இல்லை, அவற்றிடமும் போன் இருந்தது.

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்க ஆள் இருந்தால்தானே இல்லையென்று சொல்ல முடியும்? வெட்கத்தை விட்டு, தானே நரியைக் கூப்பிட்டு, "கேசட் வேணுமாடா சங்கிலி?" என்று கேட்டது.

"எதுக்குண்ணே? எல்லாம் போன்லயே இருக்கே" என்ற நரி, காதிலிருந்த இயர்போனைக்கூடக் கழற்றவில்லை.

கரடிக்கு வயிறு எரிந்தது. மறுநாள் குளத்தங்கரையில் எல்லார் முன்னாலும் ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டியது. "படத்துல சேர்க்காம விட்ட பாட்டு. உலகத்துலயே என்கிட்ட மட்டுந்தான் இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டது. கரடிக்குக் கரடி விடச் சொல்லியா தர வேண்டும்! அது எதுவுமே பதியாத வெறும் கேசட்.

காடே போனில் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை. அவ்வளவுதான், எல்லாவற்றுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. குகை வாசலில் நிற்க இடமில்லை.

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே. இல்லேன்னா பொய்யின்னு பேசுவாங்க" என்றது நரி.

வேறு வழியில்லாமல் கரடி கேசட்டைப் போட்டது. 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. இதுக்கெல்லாம் கேள்வி ஞானம் வேணும்டா!"

நரி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டது. "அதானே பார்த்தேன்! அடேயப்பா, என்ன இழைப்பு! போன்ல இதெல்லாம் வரவே வராது." பின்னால் நின்ற முயலும் மானும் உருகி உருகித் தலையாட்டின. யானைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணே, ஒரு நாள் மட்டும்..." என்று நரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அதெல்லாம் குகையை விட்டு வெளிய போகாது" என்றது ஆவுடையப்பன். அன்றைக்குத்தான் அது பல வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டது.

நீதி: இருக்கும்போது இல்லை என்று சொல், இல்லாதபோது இருக்கிறது என்று சொல். வாசலில் கூட்டம் குறையாது.