கண்ணில்லாப் பாம்பு பிடித்த திருடன்

சொகோத்ரா தீவு முழுக்க ஒரே பேச்சு. படகில் வந்திறங்கிய குறிகாரர் பகீத் கொண்டுவந்திருக்கும் பாம்பு திருடனைக் காட்டிக் கொடுக்கிறதாம்! மண்ணுக்குள் வாழும் அபூர்வ இனமாம். மண்புழு பருமன். கண்ணே கிடையாது. கண்ணில்லாததால்தான் அதற்கு எல்லாம் தெரிகிறதாம். அப்படியானால் செவிடனை உட்கார வைத்து வழக்குக் கேட்கலாமே! அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மலையிலிருந்து ஆட்டுக்காரர்கள், கரையிலிருந்து சுறா பிடிப்பவர்கள், எல்லாரும் பேரீச்சந்தோப்பில் கூடிவிட்டார்கள். ஊர்த்தலைவர் ஸுலைமின் வெள்ளாட்டைக் காணவில்லை; அவரே தேடிப் போய்ப் பகீத்தை அழைத்து வந்திருந்தார். சந்தேகம் நான்கு பேர் மேல். அவர்களில் ஒருத்தி மிஸ்னா. பாம்பு அவளிடம் வந்தால், அவளுடைய பன்னிரண்டு ஆடுகளின் காதிலும் தலைவரின் அடையாளத்தை வெட்டி, அவர் மந்தையில் சேர்த்துவிடுவார்கள். பிறகு அவள் பிள்ளைகளுக்குப் பால் இல்லை.

ஓலைப் பாயின் மூலைக்கு ஒருவராக நால்வரும் உட்கார்ந்தார்கள். பகீத் ஏதோ முணுமுணுத்தபடி மூலைகளைக் கட்டைவிரலால் தடவினார். மிஸ்னாவின் மூலையில் மட்டும் விரல் சற்றுக் கூடுதல் பக்தியோடு அழுந்தியது. அவள் குனிந்து பார்த்தாள். நசுங்கிய கறையான்! மேய்ச்சலில் கல்லைப் புரட்டும்போதெல்லாம் இந்தப் பாம்பை அவள் கறையான் கூட்டில்தான் பார்த்திருக்கிறாள், கல்யாண விருந்தில் மாமன் உட்கார்ந்திருப்பதுபோல. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு? புனிதக் காரியம்!" என்று பகீத் அதட்டினார்.

"பெரியவரே, ஒரு சின்ன ஆசை. என் எடத்துல நீங்க உக்காருங்க, நான் அந்தப் பக்கம் போறேன். நான் திருடின்னா பாம்பு என்னைத் தேடி வரட்டும்."

"எடம் மாத்தினா அதுக்குக் கோவம் வரும்!"

"அதுக்குத்தான் கண்ணே இல்லையே, மாத்தினதை யாரு போய்ச் சொல்லுவா? நீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "உக்காருங்கண்ணே, பயமா?" என்று ஒரு மீனவர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

பாயின் நடுவில் பாம்பை விட்டார்கள். நெளிந்தது, தயங்கியது, பிறகு நேரே பகீத்தின் முழங்காலடிக்குப் போய் நின்றது.

"அடப் பாவி, என் ஆட்டைத் திருடுனது நீதானா!" ஸுலைம் அவர் தலைத்துணியைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயோ, நான் படகுல வந்ததே நேத்துதான்! ஆடு போயி பத்து நாளாச்சு! அது கறையான் திங்க வந்துச்சுய்யா, நான்தான் தடவி வெச்சேன்!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. செருப்பை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடினார்.

சிரிப்பு அடங்கியதும் ஸுலைம் மெல்ல மிஸ்னாவிடம் வந்தார். "அந்தாளு போகட்டும். பாம்பு இங்கதானே இருக்கு? என் ஆடு எங்கேன்னு அதையே கேட்டுப் பாத்தா என்ன?"

மிஸ்னா பாம்பை உள்ளங்கையில் ஏந்தி ஈரமண்ணில் விட்டாள்.

"தலைவரே, கண்ணில்லாத இது கறையானைத் தேடிப் போச்சு, வயிறாவது நெறஞ்சுது. ரெண்டு கண்ணு வெச்சிருக்கிற நீங்க அந்தாளைத் தேடிப் போனீங்களே, உங்களுக்கு என்ன நெறஞ்சுது?"