பொங்க விடாத கொழும்பார்

மதுரை நகரம் தேநீர் குடிக்கப் பழகியதற்கு யார் யாரோ பெருமை கொண்டாடலாம். ஆனால், மதுரைப் பெண்களின் அடுப்பங்கரைக்குள் புகுந்து, கொதிக்கிற பால் சட்டியைப் பறித்துவிட்டு உதை வாங்காமல் திரும்பிய ஒரே ஆண்பிள்ளை எங்கள் கொழும்பார்தான்.

கொழும்பார் கொழும்பில் ஒருநாள்கூடத் தங்கியவரல்ல. என்னைப் போலவே இலங்கை மலைநாட்டு மாத்தளைக்காரர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தோட்டமொன்றின் தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவர். மாத்தளையில் எங்களை ‘இந்தியாக்காரர்’ என்றார்கள். பிழைக்க இந்தியாவுக்குப் போனால் அங்கே ‘கொழும்பார்’ என்றார்கள். நான் இதை நினைத்துத் தூக்கம் கெட்டேன். அவர் கவலைப்படவில்லை.

“ரெண்டு ஊருக்கும் நாம விருந்தாளிங்க தம்பி. விருந்தாளிக்குத்தான் நல்ல சாப்பாடு கெடைக்கும்.”

மதுரையில் நாங்கள் தங்கிய மெஸ்ஸின் சாப்பாட்டை ஒருவேளை சாப்பிட்ட பிறகு இந்தத் தத்துவத்தைக் கைவிட்டார்.

மெஸ்ஸில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. நான் நூல் கடையில் கணக்கெழுதினேன். அவருக்குத் தேயிலைக் கம்பெனியில் விளம்பர உத்தியோகம். காப்பியைத் தவிர வேறெதையும் மதிக்காத தெருக்களில் வண்டியோடு போய், இலவசமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, வீட்டுப் பெண்களுக்குச் செய்முறையும் காட்ட வேண்டும். பங்குனி வெயிலிலும் கம்பளிக் கோட்டோடுதான் போவார். வைகையை முதன்முதலாகப் பார்த்த அன்று, “ஆறு எங்க தம்பி?” என்றார்.

“இதுதான் அண்ணே.”

“சும்மா இருங்க. இது மணல் ரோட்டு. நம்ம சுதுகங்கையில வெயில் காலத்துலயும் மாடு முங்குமே!”

செய்முறையில் அவருக்கு ஒரு வேதவாக்கு உண்டு. பால் சுடலாம்; பொங்கக் கூடாது. பொங்கிய பால் தேநீரின் வாசனையைக் கொன்றுவிடுமாம். நுரை எழக் கண்டால் பேச்சு பாதியில் நிற்கும், கை பாயும். மெஸ் சமையல்காரர் பாயசத்துக்கு வைத்த பாலையும் ஒருநாள் இப்படித்தான் இறக்கி வைத்துக் காப்பாற்றினார். சமையல்காரர் கரண்டியோடு தெருமுனை வரை துரத்தி வந்தார்.

அவருடைய மனைவி மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள உக்குவளையில் தகப்பன் வீட்டில் இருந்தார். கலியாணமான கையோடு இவர் கப்பலேறிவிட்டார். உக்குவளையில் கடை வைத்திருந்த மாமனார் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “வீடு எடுத்தா மகளக் கூட்டிட்டு வாறேன். மெஸ்ஸுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன். இல்லாட்டி மாப்பிள்ளை இங்க வந்து கடையப் பாக்கட்டும்.”

ஆகவே வீடு தேடினோம். கடல் தாண்டி வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் கடல் தாண்டிப் போய்விடுவார் என்று பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பாதியை இவர் சாத்தினார். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்புவார். “உப்பு. இதுல தேத்தண்ணி ஊத்துனா கறுத்துப் போகும்.”

“அண்ணே, நீங்க வீடு பாக்க வந்தீங்களா, கெணறு பாக்க வந்தீங்களா?”

“தண்ணி சரியில்லாத வீட்டுல அவ எப்புடி தம்பி இருப்பா?”

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். மேற்கொண்டு கேலி செய்ய மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு சந்தில் நல்ல கிணறு அகப்பட்டது. அதனோடு ஓர் அறையும் அடுப்பங்கரையும் இருந்தன. வீட்டுக்கார அம்மா சகுனத்தில் கெட்டி. “பால் காய்ச்சணும்யா. பொங்கி வழியணும். அப்பத்தான் சாவி” என்று சொல்லிவிட்டார்.

குறித்த நாளில் மாமனார் மகளோடு வந்து இறங்கினார். மகளின் டிரங்குப் பெட்டியை வாசலிலேயே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அடுப்பு மூட்டி, பாலை வைத்து, கைகூப்பி நின்றோம். நுரை மெல்ல எழுந்து விளிம்பைத் தொட்டது. வீட்டுக்கார அம்மா குலவையிட வாயைக் குவித்தார்.

அடுத்த கணம் சட்டி அடுப்பில் இல்லை. கொழும்பார் கையில் இருந்தது.

“தப்பிச்சிருச்சு!” என்றார் பெருமையாக.

மாத்தளை மாரியம்மன் சந்நிதியில் எத்தனையோ பொங்கல் பார்த்தவர்தான். பால் பொங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவர் கைக்குத் தெரியாது. வீட்டுக்கார அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “இந்த வீடு உங்களுக்கு ஒத்து வராதுய்யா.”

மாமனார் பெட்டியைவிட்டு எழுந்தார். “நட மகளே. சாயந்தரம் ரயில் இருக்கு. மாப்பிள்ளைக்கு இஷ்டம்னா கூட வரட்டும்.”

கொழும்பார் சட்டியோடு அப்படியே நின்றார். கை சுட்டது அவருக்கு உறைக்கவில்லை.

அதுவரை வாய் திறவாத அவர் மனைவி, சட்டியை முந்தானையால் வாங்கி மறுபடி அடுப்பில் வைத்தார். “அம்மா, கொஞ்சம் பொறுங்க. பால் இன்னும் சட்டியிலதானே இருக்கு” என்றார் வீட்டுக்கார அம்மாவிடம். பிறகு புருஷனின் பின்னால் போய், தகப்பன் பார்க்க, சந்தே பார்க்க, அவருடைய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப சும்மா பாத்துக்கிட்டு மட்டும் நில்லுங்க.”

பால் எழுந்தது. கொழும்பார் துடித்தார். “விடு புள்ள, கெட்டுப் போகுது!”

“கெடட்டுங்க.”

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. குலவைச் சத்தம் சந்தைத் தாண்டிக் கேட்டது. கொழும்பார் அந்த அநியாயத்தைப் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது, பாலுக்காகத்தானா என்று நான் கேட்கவில்லை. சாயந்தர ரயிலில் மாமனார் தனியாகத்தான் போனார்.

மெஸ்ஸிலிருந்து அவருடைய பாயையும் தலையணையையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துருங்க தம்பி” என்றார். இந்த மனுஷர் தொல்லை விட்டது, இனி அறை முழுக்க நம்முடையது என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர வெகு நாளாயிற்று.