ஒத்துவரலை என்றது ரப்பரைத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். என் நலம் பையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டதே, எங்கிருந்து எழுதுவது?

பம்ப் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவனை, "சிமுலேஷன் கத்துக்கங்க அத்தான், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே அமுக்கிப் பாத்துரலாம்" என்று ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டது யார்? நீதானே! இரும்பு வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பொருளைக் கட்டம் கட்டமாகப் பிரி, பாரத்தை ஏற்று, எவ்வளவு வளைகிறது பார். பாரம் இரண்டு மடங்கானால் வளைவும் இரண்டு மடங்கு. மரியாதை தெரிந்த இரும்பு. அடுத்த பாடம் ரப்பர் வளையம். அமுக்க அமுக்க அதன் குணமே மாறுகிறது. கம்ப்யூட்டர் ஒரு விடையை ஊகிக்கிறது, திருத்துகிறது, மறுபடி ஊகிக்கிறது, முப்பது தடவை ஊகித்தும் எந்த விடையிலும் நிலைக்காமல் கடைசியில் சிவப்பு எழுத்தில் கையை விரிக்கிறது. அதைக் 'கன்வர்ஜ் ஆகலை' என்று சொல்ல எனக்கு வாய் குழறியபோது, "ஒத்துவரலைன்னு தமிழ்லயே சொல்லுங்க அத்தான்" என்று எடுத்துக்கொடுத்த மகானும் நீதான்.

சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பு வாத்தியாரிடம் போனில் சொன்னேன். "முப்பது ஆச்சு சார், இன்னும் ஒத்துவரலை. அழுத்தினாலே முறுக்கிக்குது. பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு போட்டுக்கட்டுமா?" திரும்பினால் கையில் காப்பியோடு உன் அக்கா. எங்களுக்குக் கல்யாணமாகியும் முப்பது வருஷம் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டத்தைச் சொன்னேன், ரப்பரைச் சொன்னேன் என்று பின்னாலேயே ஓடினேன். "என்னை ரப்பர்னு வேற சொல்றீங்களா?" என்று கிளம்பிவிட்டாள்.

நாலு நாளாக என் சமையலை நானே சாப்பிடுகிறேன். நீயோ போனில் சிரிக்கிறாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை நீயே அழைத்து வந்து, கன்வர்ஜ் என்றால் என்னவென்று என் கண் முன்னால் விளக்கிவிட்டுப் போ. இல்லையென்றால் உனக்கு அத்தான் என்று ஒருவன் இல்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போதுதான் உறைத்தது, பாரம் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்றியிருக்கிறேன். சிறுகச் சிறுக ஏற்றினேன். ஒத்துவந்துவிட்டது! "ஏய், ஒத்துவந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. இதைத் தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். திட்டியதெல்லாம் வாபஸ். உன் வாசலில் நின்று நீட்டுவேன்; படித்துவிட்டு உள்ளே போய், "அத்தானுக்கு ஒத்துவந்துருச்சாம்" என்று மட்டும் சொல். எது என்று கேட்டால், ரப்பர் என்று சொல்லித் தொலைக்காதே.